விழிப்பிலிருந்து கனவுக்குள்: அறிதுயிலின் வரலாறு

மகா சிவராத்திரியன்று நம்மிற் பலரும் ஒரு முறையேனும் அடைந்திருக்கும் ஓர் அநுபவத்தோடு இக்கட்டுரையைத் தொடங்குவோம். இரண்டாஞ் சாமப் பூசை கழிந்து மூன்றாஞ் சாமம் நெருங்கும் வேளை. கோப்பி குடித்தாயிற்று; கதையும் பேசி முடிந்தாயிற்று. மண்டபத்துத் தூணொன்றிற் சாய்ந்தபடி, நித்திரை கொள்வதில்லை என்ற உறுதியோடு, புராணம் படிப்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கண் மூடுகிறது. ஆனாற் கோயில் மறையவில்லை. தீபம் அப்படியே எரிகிறது. குரலும் கேட்கிறது. யாரோ ஒருவர் பிராகாரத்திலே நடந்து வருகிறார். அவர் பல வருடங்களுக்கு முன் காலஞ்சென்ற பாட்டனார் என்பது நினைவுக்கு வந்ததும் திடுக்கிட்டு விழிக்கிறோம். "நித்திரை கொண்டுவிட்டாய்" என்று பக்கத்திலிருப்பவர் சிரிக்கிறார். "இல்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்று நாம் சாதிக்கிறோம். அவர் சொன்னதும் உண்மை. நாம் சொன்னதும் உண்மை.

நனவுக்கும் கனவுக்கும் இடையே ஒரு வாயிற்படி உண்டு. நாள்தோறும் அதனைக் கடக்கிறோம். கடக்கும்போது நம்மை மறந்துவிடுகிறோம். மறவாமலே அதனைக் கடக்க முடியுமா? கடந்தவர் உளரா? கடந்தவர் பெற்றது யாது? இவ்வினாக்களுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நமது சமய நூல்களிலும், ஒரு பகுதி திபெத்திலும், ஒரு பகுதி மேனாட்டு ஆய்வுகூடங்களிலும் கிடக்கின்றது. கனவிலே "இது கனவு" என்று அறிந்திருத்தலை இக்கட்டுரையிலே தெளிகனவு என்று வழங்குவோம். பாற்கடலிற் பள்ளிகொண்ட திருமாலின் துயிலுக்குத் தமிழர் அறிதுயில் என்று பெயரிட்டனர். அறிந்தபடியே துயில்வது என்ற கருத்து நமது மொழிக்குப் புதியதன்று.

உபநிடதம் கண்ட சந்தி

பிருகதாரணியக உபநிடதத்திலே சனக மன்னனுக்கும் யாஞ்ஞவற்கிய முனிவருக்கும் இடையே நிகழ்ந்த ஓர் உரையாடல் வருகின்றது. மனிதனுக்கு ஒளியாக இருப்பது யாது என்பது மன்னன் வினா. ஞாயிறு, திங்கள், தீ, வாக்கு என ஒவ்வொன்றாகக் கூறிவந்த முனிவர், அவையெல்லாம் இல்லாதபோது ஆன்மாவே தனக்கு ஒளியாகின்றது என்று முடிக்கின்றார். அதற்குச் சான்றாக அவர் காட்டுவது கனவையே. இவ்வுலகம் ஒன்று, மறுவுலகம் ஒன்று. இரண்டுக்கும் நடுவிலே சந்தியாக நிற்பது கனவு. அங்கே தேருமில்லை, குதிரையுமில்லை, வழியுமில்லை. ஆயினும் அவற்றையெல்லாம் தானே படைத்துத் தானே காண்கின்றான் என்பது அம்முனிவர் விளக்கம்.

மாண்டூக்கிய உபநிடதம் ஓங்காரத்தின் மூன்று மாத்திரைகளை நனவு, கனவு, சுழுத்தி என்னும் மூன்றுக்கும் ஏற்றி, இம்மூன்றையும் கடந்த நான்காவதைத் துரியம் என்றது. பதஞ்சலி முனிவரோ யோக சூத்திரத்தின் முதலாம் பாதத்து 38ஆம் சூத்திரத்திலே, கனவிலும் நித்திரையிலும் கிடைக்கும் அறிவைப் பற்றி நின்றும் மனத்தை நிலைநிறுத்தலாம் என்று சுருங்கச் சொல்லிப் போயினர்.

ஆயினும், வாயிற்படியிலே விழிப்போடு நிற்றலை ஒரு பயிற்சியாகவே வெளிப்படையாகக் கூறுவது காசுமீர சைவ மரபினர் போற்றிய விஞ்ஞான பைரவம் என்னும் நூலாகும். அதிற் கூறப்படும் 112 தாரணைகளுள் ஒன்று இது: நித்திரை இன்னும் வரவில்லை, வெளிப்பொருள்களோ மறைந்துவிட்டன, அந்த இடைவெளியை மனத்தினாற் பற்றுக. சிவராத்திரி இரவிலே தூணோடு சாய்ந்திருந்த நாம் தற்செயலாகத் தொட்ட இடம் இதுவே. அதே காசுமீரத்திலே ஒன்பதாம் நூற்றாண்டில் வசுகுப்தர் வாயிலாக வெளிவந்த சிவசூத்திரங்கள், நான்காம் நிலையாகிய துரியத்தை மற்றை மூன்று நிலைகளிலும் எண்ணெய் வார்ப்பதுபோல வார்க்க வேண்டும் என்கின்றன. எண்ணெய் ஓரிடத்தில் விழுந்தாலும் தானே பரவும் இயல்புடையதன்றோ?

சித்தாந்தத்தின் கணக்கு

நமது சைவ சித்தாந்தம் இப்பொருளை இன்னும் நுணுகி ஆராய்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் ஐந்தவத்தைகளைப் பற்றியது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்னும் இவ்வைந்தையும் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று தமிழிலே கூறுவர்.

நனவிலே ஆன்மா புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். ஞானேந்திரியம் 5, கன்மேந்திரியம் 5, சத்தம் முதலிய விடயங்கள் 5, வசனம் முதலியன 5, வாயுக்கள் 10, அந்தக்கரணம் 4, புருடன் 1 என்பது அந்தக் கணக்கு. கனவிலே ஆன்மா கண்டத்துக்கு இறங்கும்; ஞானேந்திரியம், கன்மேந்திரியம் பத்தும் புருவநடுவிலேயே நின்றுவிட, எஞ்சிய 25 கருவிகள் உடன்செல்லும். உறக்கத்திலே இருதயத்தில் மூன்று, பேருறக்கத்திலே நாபியில் இரண்டு, உயிர்ப்படக்கத்திலே மூலாதாரத்தில் ஒன்று. உலாப்போன அரசன் மீண்டு அரண்மனைக்குள் வரும்போது, பரிவாரங்களை வாயில்தோறும் நிறுத்திவிட்டுக் கடைசியில் அந்தப்புரத்துக்குத் தனியே செல்வது இதற்கு உவமையாகச் சொல்லப்படும்.

இக்கணக்கில் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். கனவுக்கு உடன்செல்லும் 25 கருவிகளுள் அந்தக்கரணம் நான்கும் அடங்கும். அவற்றுள் நிச்சயிக்கும் கருவியாகிய புத்தியும் ஒன்று. அரசன் இரண்டாம் வாயிலைக் கடக்கும்போது அமைச்சன் அவனோடுதான் இருக்கிறான். ஆயினும் பெரும்பாலும் வாய்திறவாது வருகிறான். அவன் வாய்திறந்து "அரசே, இது இரண்டாம் வாயில்" என்று சொல்லிவிட்டால் அதுவே தெளிகனவு எனலாம். இவ்வாறு பழைய நூல் எதுவும் சொல்லவில்லை. அக்கணக்கிலிருந்து நாம் ஊகிப்பது இது.

மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுதல் நன்று. மாண்டூக்கியத்தின் துரியமும் சித்தாந்தம் மேற்காட்டிய கணக்கிற் கூறும் துரியமும் பெயரால் ஒன்று, பொருளால் வேறு. முன்னது பேரறிவு. பின்னது கருவிகள் கழன்று ஆணவ இருளிலே ஆன்மா அழுந்தும் கீழாலவத்தை. அருளால் எய்தும் நின்மலாவத்தை வேறு. இவ்வேறுபாட்டை அறியாது, "நித்திரை ஆழ ஆழ ஞானம்" என்று கொள்வோர் மயங்குவர்.

பனிமலைக்கு அப்பால்

கனவின் இடம் கண்டம் என்று கண்டோம். பிரம்மோபநிடதமும் நனவைக் கண்ணிலும் கனவைக் கண்டத்திலும் உறக்கத்தை இருதயத்திலும் வைத்தது. இதே குறிப்பு பாரத நாட்டிலிருந்து இமயத்தைக் கடந்து திபெத்துக்குச் சென்ற ஒரு பௌத்த மரபிலும் காணப்படுவது வியப்பன்று, ஊற்று ஒன்றாதலின்.

பதினோராம் நூற்றாண்டிலே நாரோபா என்னும் பௌத்த சித்தர் தம் குரு திலோபாவிடம் பெற்றவை ஆறு யோகங்கள். அவற்றை அவரிடம் கற்றுத் திபெத்துக்குக் கொண்டுசென்றவர் மார்ப்பா. மார்ப்பாவின் சீடரே புகழ்பெற்ற மிலரேப்பா. அவ்வாறனுள் ஒன்று கனவு யோகம். திபெத்தியர் கனவை மிலம் என்பர். பகல் முழுவதும் காண்பனவற்றையெல்லாம் கனவென்றே எண்ணிப் பழகுதல், கனவை அறிவேன் என்று உறுதி பூணுதல், விடியற்காலையிலே கும்பக முறையில் மூச்சை அடக்குதல், கண்டத்திலே ஓர் எழுத்தைச் செந்நிறமாகப் பாவித்து அதிலே மனத்தை நிறுத்தியபடி துயிலச் செல்லுதல் என அதன் படிகள் அமையும். நனவிலிருந்து கனவுக்கு அறிவின் இழை அறாமற் செல்வதே நோக்கம். கனவுக்குள் விழித்தபின் தீயை நீராக்குக, சிறியதைப் பெரியதாக்குக என்று பயிற்சி தொடரும். இத்தனையும் எதற்காக? இறந்தபின் மறுபிறப்புக்கு முன் உயிர் கடக்கும் இடைநிலையிலே தோன்றும் காட்சிகளைக் கண்டு மயங்காதிருப்பதற்காக. கனவு அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், பரீட்சையோ மரணம்.

சிக்கிமைச் சேர்ந்த காசி தாவா சம்துப் என்னும் அறிஞர் இந்நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் 1922இல் மறைந்தபின், அமெரிக்கரான எவான்ஸ் வென்ற்ஸ் 1935இல் அவற்றைப் பதிப்பித்து ஒக்ஸ்போட் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். மேனாட்டார் பலர் இவ்வித்தையை முதன்முதல் அறிந்தது அந்நூலாலேயே.

மேனாட்டார் கண்டவை

மேனாட்டிலும் இச்செய்தி அறியப்படாதிருக்கவில்லை. நித்திரை கொள்பவனின் உள்ளத்தில் ஏதோவொன்று "இது கனவு" என்று சொல்வதுண்டென அரிஸ்ரோட்டில் எழுதினார். கி.பி. 415 அளவிலே புனித அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில், கார்த்தேசு நகர வைத்தியர் கெனாதியுஸ் கண்ட கனவைக் குறிக்கின்றார். அக்கனவிலே ஓர் இளைஞன் தோன்றி, "உன் உடல் இப்போது எங்கே?" என்று கேட்டான். "படுக்கையிலே" என்றார் வைத்தியர். "அவ்வுடலின் கண்கள் மூடியிருக்க, எக்கண்ணால் என்னைக் காண்கிறாய்?" என்று அவன் கேட்க, அவர் விடையின்றி நின்றார். சனகனின் வினாவும் இந்த இளைஞனின் வினாவும் எத்துணை நெருங்கியவை!

பிரான்சு தேசத்தவரான ஹெர்வே த சென் தெனி என்னும் சீனமொழி அறிஞர் இளமை முதலே தம் கனவுகளை எழுதிவைத்து, அவற்றை நடத்தும் வழிகள் பற்றி 1867இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்து தேசத்து வைத்தியரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஈடன் 1913இலே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1898 முதல் 1912 வரை தாம் 352 தெளிகனவுகள் கண்டதாக அவர் கணக்குக் கூறினார். கனவுகளை ஒன்பது வகையாக அவர் பிரித்தனர். அவற்றுள் முதலாவது வகையே நமது பொருளுக்கு உரியது. உடல் மிகக் களைத்திருக்கும்போது, இடையிலே அறிவு மங்காமல் விழிப்பிலிருந்து நேரே கனவுக்குட் செல்வதும், தாம் எங்கே படுத்திருக்கிறோம் என்பதை அங்கும் நினைத்திருப்பதும், மிதப்பதுபோல உணர்வதும் அதன் இலக்கணங்கள். தம் தெளிகனவுகள் யாவும் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலே தோன்றின என்றும் அவர் குறித்தார். இக்குறிப்பின் காரணம் நாற்பது வருடங்களுக்குப் பின்பே விளங்கியது.

கருவி சொன்ன சாட்சி

1953ஆம் ஆண்டிலே சிக்காகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், நித்திரையின் ஒரு பகுதியிலே மூடிய இமைக்குள் கண்மணிகள் விரைவாக அசைகின்றன என்பதையும், அவ்வேளை எழுப்பினாற் பெரும்பாலோர் கனவு கூறுகின்றனர் என்பதையும் கண்டனர். இப்பகுதி ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். விடியலை நெருங்க நெருங்க நீளும். வான் ஈடன் விடியற்காலையிலே தெளிகனவு கண்டதன் காரணம் இதுவே. திபெத்திய நூல்கள் விடியற்காலைப் பயிற்சியை விதித்தமையும் அநுபவத்தால் அறிந்ததாகலாம். நமது பிரம்ம முகூர்த்தமும் அவ்வேளையை ஒட்டியதே. எனினும் அது செபத்துக்கும் தியானத்துக்கும் வகுக்கப்பட்டது; கனவுக்காக வகுக்கப்பட்டதென்று கூறுதல் பொருந்தாது.

1959இலே பிரான்சின் லியோன் நகரில் மிசேல் சூவே பூனைகளை ஆராய்ந்து, இந்நித்திரையின்போது உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பதைக் காட்டினார். கனவில் ஓடுபவன் கட்டிலிலிருந்து ஓடாதிருப்பது அதனாலேயே. ஆனாற் கண்ணசைவு மட்டும் கட்டுண்ணவில்லை.

அந்தச் சிறு துவாரத்தின் வழியாகவே சாட்சி வெளிவந்தது. 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இங்கிலாந்தின் ஹல் சர்வகலாசாலையிலே, அலன் வேர்ஸ்லி என்பவர் கனவிலிருந்தபடியே முன் பேசிவைத்தவாறு கண்களை இடமும் வலமுமாக எட்டு முறை அசைத்தார். கீத் ஹேர்ன் என்னும் ஆய்வாளரின் கருவி அதனைப் பதிவுசெய்தது. அவர் உறங்குகிறார் என்பதற்கும் அறிவோடிருக்கிறார் என்பதற்கும் ஒரே தாளிலே சான்று கிடைத்தது. இதனை அறியாமலே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் ஸ்ரீபன் லபேர்ஜ் என்பவரும் இதே வழியைக் கண்டு, 1980இல் கலாநிதிப் பட்டம் பெற்று, 1981இல் முடிவுகளை வெளியிட்டார்.

தெளிகனவுக்கு இரண்டு வழிகள் உண்டென லபேர்ஜ் வகுத்தார். கனவின் நடுவிலே இது கனவென்று உணர்தல் ஒன்று. விழிப்பிலிருந்து அறிவு அறாமலே கனவுக்குட் புகுதல் மற்றொன்று. இரண்டாவதற்கு அவர் கூறிய முறைகளுள் ஒன்று எளிது. சில மணி நேரம் நித்திரை கொண்டு விடியலுக்கு முன் எழுந்து, சற்று விழித்திருந்து, மீண்டும் படுத்து, "ஒன்று, நான் கனவு காண்கிறேன், இரண்டு, நான் கனவு காண்கிறேன்" என எண்ணிக்கொண்டே உடலை உறங்கவிடுதல். உடல் உறங்கும், எண்ணுபவன் உறங்கலாகாது. செபமாலை உருட்டியபடி கண்ணயர்ந்த எமது பாட்டிமாருக்கு இம்முறை விசித்திரமாகத் தோன்றாது.

2021இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் ஒரு படி முன்சென்றது. அமெரிக்கா, பிரான்சு, யேர்மனி, ஒல்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுகூடங்களில் 36 பேர் பங்குபற்றினர். தெளிகனவு காண்போரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்கப்பட்டது. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்பதற்கு, உறங்கும் ஒருவர் கண்ணசைவால் இரண்டு என்று விடையளித்தார். 158 முயற்சிகளில் 29 முறை சரியான விடை கிடைத்தது. அமைச்சன் இரண்டாம் வாயிலுக்குள் நின்று பேசியதை வெளியில் நின்றோர் கேட்டுவிட்டனர்.

வாயிலில் நிற்கும் அச்சம்

இவ்வழியிற் செல்வோர் வாயிற்படியிலே சிலவற்றை எதிர்கொள்வர். மூடிய கண்முன் ஒளிப்புள்ளிகளும் முகங்களும் தோன்றும். பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்கும். உடல் அதிர்வதுபோலவும் விழுவதுபோலவும் இருக்கும். சிலவேளை அறிவு விழித்திருக்க உடல் அசைய மறுக்கும். மார்பின்மேல் யாரோ ஏறியிருப்பதுபோலத் தோன்றும். இதனையே நமது ஊர்களிலே பேய் அமுக்கியது என்பர். எத்தனை இளைஞர் இதற்காகத் திருநீறு போடுவிக்கவும் நூல் கட்டுவிக்கவும் அழைத்துச் செல்லப்பட்டனர்! சூவே கண்ட அதே தசைத் தளர்ச்சி நனவின் எல்லைக்குள் சற்றே நீண்டுவிடுவதுதான் இது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதனை அநுபவிக்கின்றனர். மூச்சு நிற்காது, சிறிது நேரத்தில் தானே நீங்கும். திருநீறு அணிதல் நன்றே, அது சிவசின்னம். ஆனாற் பேய்க்கு அஞ்சி அணிய வேண்டியதில்லை.

இன்னுமொன்று. நித்திரையைக் கலைத்துச் செய்யும் பயிற்சி இது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் நாள்தோறும் இதிலே ஈடுபட்டால் இழப்பது நித்திரையும் படிப்புமே. மனநோயால் வருந்துவோர் இதனை நாடலாகாது. நனவையும் கனவையும் பிரிக்கும் சுவர் அவர்களுக்கு ஏற்கெனவே மெலிந்திருக்கக்கூடும்.

வாயில் ஒன்று, வீடு பல

இவ்வரலாற்றை முழுதும் நோக்கும்போது ஒன்று புலனாகின்றது. வாயில் ஒன்றாயினும், அதற்குள் புகுந்தோர் தேடியது ஒன்றன்று. யாஞ்ஞவற்கியர் ஆன்மாவின் ஒளிக்குச் சான்று தேடினார். திபெத்தியர் மரணத்துக்கு ஆயத்தம் தேடினர். அகுஸ்தீனார் மறுமைக்கு ஆதாரம் தேடினார். ஹெர்வே கனவை நடத்த விரும்பினார். ஹேர்னும் லபேர்ஜும் அளந்தறிய விரும்பினர். தேடியது வேறாகவே பெற்றதும் வேறாயிற்று.

ஆதலின் இருவகைத் தவறான பேச்சை நாம் விலக்குதல் வேண்டும். "இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னவை, மேனாட்டார் திருடிக்கொண்டனர்" என்பது ஒன்று. முன்னோர் வாயிலைக் கண்டனர். கண்ணசைவை அளந்து சான்று காட்டியவர் மேனாட்டாரே. உரியவருக்கு உரிய புகழைக் கொடுத்தல் சைவனுக்கு இழுக்கன்று. "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, கனவிலே விழித்தவன் ஞானி" என்பது மற்றொன்று. ஆய்வுகூடம் நிரூபித்தது கனவிலும் அறிவு நிற்கக்கூடும் என்பதை மட்டுமே. அவ்வறிவு எதனைப் பற்றி நிற்கிறது என்பதை அளக்கும் கருவி அங்கில்லை. கனவிலே பறப்பவன் ஆசையினாற் பறந்தால், அவன் சென்றது ஆசைக்குள்ளேயே. ஆன்மா தானே அறியாது, காட்டக் காணும் என்பது சித்தாந்தம். காட்டுவோன் இறைவன். அமைச்சன் சொல்வதைக் கேட்ட அரசன் அதன்பின் யாரை வணங்குகிறான் என்பதே நமது சமயம் கேட்கும் கேள்வி.

எம் இளைஞருள் யாரேனும் ஒருநாள் அறிந்தே கனவுக்குட் புகுந்தால் அஞ்ச வேண்டாம், பெருமிதமும் வேண்டாம். அங்கே காண்பனவெல்லாம் தன் உள்ளத்தின் படைப்பே என்பதை நேரிலே கண்ட ஒருவனுக்கு, மறுநாட் காலையிலே கோபமும் பொறாமையும் வரும்போது, "இதுவும் என் உள்ளம் படைத்ததன்றோ?" என்று ஒரு கணம் நிற்கத் தோன்றுமாயின், அக்கனவு பயன்பட்டதாகும். தோன்றாவிடின், ஆயிரம் தெளிகனவும் வெறும் கனவே.

அடுத்த சிவராத்திரியிலும் மூன்றாஞ் சாமம் வரும். தூணிலே சாய்வோம். கண் மூடும். அந்தச் சந்தியிலே தீபம் அவியாமல் நிற்குமாயின், அதன் ஒளி எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். சனகனும் அதைத்தான் கேட்டான்.